கண்ணு மேல ஒரு சிலந்தி

அப்பாவுக்குக் கண்ணில் சிலந்தி வந்து பார்வையே மறைந்துபோனதாக எனக்குச் சொன்னது சித்தி. சித்திக்கு அதைச் சொன்னவள் அவளுடைய மருமகள். மருமகளிடம் சொன்னது என் அண்ணி. நான் பயந்துவிடுவேன் என்று என்னிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லையாம்.

"நீ ஒண்ணும் கவலப்படாத," என்று ஆரம்பித்தாள் சித்தி. எங்கள் குடும்பத்தில் இந்த வாக்கியம் வந்துவிட்டால் கவலைப்படத் தொடங்கிவிடலாம். "மொதல்ல சின்னதாத்தான் இருந்துச்சாம். இப்ப நல்லாப் பெருத்துடுச்சாம். கண்ணு மொத்தமும் வெள்ளையா மூடிக்கிச்சாம். எடுத்துடலாம் மாமான்னு உங்க அண்ணி கெஞ்சியிருக்கா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, யாருக்கு என்ன தொந்தரவுங்கிறாராம் உங்கப்பா. பாரேன் இந்த மனுஷன!"

பள்ளிக்கூடத்தில் நான் படித்த சிலந்திக்கு எட்டுக் கால். சித்தியின் சிலந்திக்குக் கால் கிடையாது. அவளைப் பொறுத்தவரை அது ஆறாத கட்டி. சீழ் வைத்து, வேர்விட்டு, ஆளைப் படுக்கவைக்கிற கட்டி. சின்ன வயதில் என் முழங்காலில் வந்த ஒரு கட்டிக்கே அவள் "சிலந்தி, சிலந்தி" என்று ஊரைக் கூட்டியவள். அப்படி ஒன்று அப்பாவின் கண்ணில் என்றால்? வெளிநாட்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க விபத்து அறிக்கைகளைப் படிப்பது என் வேலை. படிப்பது வேறு மொழியில் என்றாலும் பயப்படுவது தமிழில்தான்.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, கண்ணு எப்படி இருக்கு?"

"அதுவா? நாலு நாளா ஒண்ணுமே தெரியலல்ல?"

"அத என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"உனக்குத் தெரியலங்கிறத நான் வேற உனக்குச் சொல்லணுமா?"

"எனக்கா? உங்களுக்குத்தானே தெரியல?"

"எனக்கென்ன கேடு? எதிர் வீட்டு மாடியில காயிற துணியில எது கிழிசல்னு வரைக்கும் தெரியுது. பாப்பா, சிலந்தி என் கண்ணுல இல்ல. உன் கண்ணு மேல."

அப்போதுதான் புரிந்தது. போன வருடம் விடுமுறைக்குப் போயிருந்தபோது வாசல் கதவுக்கு மேலே நான் ஒரு கேமரா மாட்டிவிட்டு வந்தேன். வாசலில் யார் வந்தாலும், யார் போனாலும் இங்கே என் போனில் படம் வரும். வீட்டில் அதற்குப் பெயர் "கண்ணு". நான் சிறுமியாக இருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்ட செல்லப் பெயர் அது. நான் விமானம் ஏறியதும் அந்தப் பெயர் கேமராவுக்குப் போய்விட்டது. காலையில் கடைக்குக் கிளம்பும்போது அண்ணாந்து பார்த்து, "போயிட்டு வரேன் கண்ணு" என்பார். சத்தம் வராத மலிவுக் கேமரா அது. வாயசைவை வைத்து நான் படித்துக்கொள்வேன். நாலு நாளாகப் படம் வெள்ளையாக மங்கிக் கிடந்ததை, வேலை மும்முரத்தில் லென்ஸில் படிந்த தூசி என்று விட்டுவிட்டிருந்தேன்.

அண்ணி தன் தோழிக்குச் சொல்வதுபோல சித்தியின் மருமகளிடம், "மாமாவோட கண்ணு மேல சிலந்தி, ஒண்ணுமே தெரியல" என்று சொல்லியிருக்கிறாள். மூன்று வாய் மாறுவதற்குள் அப்பாவுக்கு ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது.

அப்பா பூட்டுக்காரர். சாவி தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பவர்கள், குளியலறைத் தாழ்ப்பாள் இறுகி உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்று ஊரில் பாதிப்பேர் அவரை ஒரு முறையாவது கூப்பிட்டிருப்பார்கள். எங்கே, எப்போது கூப்பிட்டாலும் போனில் அவர் சொல்கிற முதல் வார்த்தை "ரெண்டு நிமிஷம்." அதனால் கடைத்தெருவில் அவருக்கு "ரெண்டு நிமிஷம்" என்றே பெயர். "ரெண்டு நிமிஷத்தோட பொண்ணா நீ?" என்று கேட்ட டீச்சர்களிடம்தான் நான் படித்தேன்.

ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் அவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அலுவலக அறையின் சாவியை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வராந்தாவில் நின்றிருந்த ஒரு டைப்பிஸ்ட் பெண்ணுக்காகப் போயிருந்தார். பூட்டு முதல் நிமிடத்திலேயே திறந்துகொண்டதாம். திறந்த பூட்டைத் திறக்காத மாதிரி காட்டிக்கொண்டு, பேச்சுக் கொடுத்து, குடும்பம் கோத்திரம் வரை விசாரித்து முடித்துவிட்டுத்தான் கதவைத் தள்ளினார். அந்த டைப்பிஸ்ட்தான் எங்கள் அம்மா. கடைசிவரை அம்மா அதைச் சொல்லிக் காட்டுவாள்: "திறந்த பூட்டுக்கு முன்னாடி உக்காந்து நடிச்ச ஆளு இவரு. இவர் சொல்ற எதையும் இன்னொரு தடவ கேட்டுக்கணும்."

அம்மா போய் ஆறு வருடமாகிறது. அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். வருடத்தில் பாதி கடலில். அண்ணி ஒரு பல் மருத்துவமனையில் ஆட்களைப் பதிவு செய்கிற மேசையில் உட்கார்கிறாள். ஒன்பது மணிக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவாள். இடைப்பட்ட நேரத்துக்கு என் கேமரா.

ஐந்து மாதம் முன்பு ஸ்கூட்டரில் போகும்போது அப்பாவுக்குத் தலை சுற்றி, நாற்சந்தியில் வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றே நானும் அண்ணியும் கூடிப் பேசி, ஸ்கூட்டர் சாவியை வாங்கி அண்ணியின் பீரோவில் வைத்துப் பூட்டினோம். கடைக்கு இருபது நிமிட நடை. நடப்பது உடம்புக்கும் நல்லது என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அப்பாவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அவ்வளவு சுலபமாக அவர் தலையாட்டியபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

சரி, சிலந்திக்கு வருகிறேன்.

"ஒரு குச்சிய எடுத்து வலையத் தட்டிவிடுங்கப்பா," என்றேன்.

"குடிவந்தவள எப்படிப் போகச் சொல்றது? புள்ளத்தாச்சி மாதிரி வேற இருக்கா."

"அப்பா, அது பூச்சி."

"பூச்சிதான். பூச்சி பத்தடி உயரத்துல வீடு கட்டியிருக்கு. உங்க அண்ணன் இன்னும் பிளானே போடல."

அண்ணியைக் கேட்டால், "நீ வேற! எனக்கு எட்டுக்கால் பூச்சின்னா உயிரே போயிடும். மாமாதான் எடுக்கணும்," என்றாள். ஆக, அது அங்கேயே இருந்தது. அப்பா அதற்கு "குடித்தனக்காரி" என்று பெயரும் வைத்துவிட்டார்.

என் போனில் அவள் யானை அளவுக்குத் தெரிந்தாள். லென்ஸுக்கு அவ்வளவு பக்கம். உடம்பில் பழுப்புக் கோடுகள், காலில் துடைப்பம் மாதிரி மயிர். அவளுக்குப் பின்னால் வலை வெளிச்சத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்க, வாசல் முழுக்க ஒரே பனிமூட்டம். அண்ணி ஒரு சாம்பல் நிறத் தீற்றலாகப் போவாள். அப்பா இன்னொரு தீற்றலாகப் போவார். குடித்தனக்காரி ஒரு காலை நகர்த்தினால்கூட "வாசலில் ஆள்" என்று என் போன் அலறும். மீட்டிங்கில் இருக்கும்போது ஒரு நாளைக்கு நாற்பது முறை எங்கள் வாசலுக்கு ஆள் வந்தது.

எரிச்சலோடு பார்க்க ஆரம்பித்தவள்தான் நான். நாலாம் நாள், அலறாவிட்டாலும் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே காலை பத்து மணி என்றால் எனக்கு ஆறரை. காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நிற்கிற நேரம். பழைய வலையை அவளே சுருட்டித் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டுவாள். ஈ விழுந்தால் ஓடிப்போய், பொட்டலக் கடைக்காரர்போல நாலு சுற்றுச் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு வருவாள். ஒரு நாள் அவளில் கால்வாசி அளவுக்கு ஒரு ஆண் சிலந்தி வலையின் விளிம்பில் வந்து நின்று, தயங்கித் தயங்கி நூலைத் தட்டியது.

அன்று சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டுச் சொன்னார்: "பாத்தியா? மாப்பிள்ள வந்திருக்கான்."

"பாத்தேன். பாவம், ரொம்பப் பயப்படறான்."

"பயந்தாத்தான் பொழப்பான்."

மறுநாள் மாப்பிள்ளையைக் காணவில்லை. "வேலையா வெளியூர் போயிருப்பான்," என்றார் அப்பா. ஓரத்தில் புதிதாக ஒரு பொட்டலம் இருந்ததை நான் சொல்லவில்லை.

அவர் அவளைத் தொழில் கண்ணோடும் பார்த்தார். "எனக்கும் அவளுக்கும் நேர் எதிர் வேல பாப்பா. உள்ள போக முடியலன்னு என்னைக் கூப்பிடறாங்க. அவ வீட்டுக்குள்ள போறது ரொம்ப சுலபம். வெளிய வர்றதுக்குத்தான் ஆள் தேவ." சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அப்பாவும் நானும் மருந்து, மழை, சாப்பிட்டாச்சா என்பதைத் தாண்டிப் போனில் பேசியது அந்த இரண்டு வாரம்தான். அதனால்தான் எனக்கு எந்தச் சந்தேகமும் தோன்றவில்லை.

வலையிலிருந்து ஒரு நீள நூல் படத்தின் இடது மூலை வழியாகக் கீழே இறங்கி, எனக்குத் தெரியாத எங்கேயோ போய்க் கட்டியிருந்தது. தினமும் பத்து மணி பத்து நிமிடம் வாக்கில் அந்த நூல் வெடுக்கென்று இழுபடும். வலை மொத்தமும் ஊஞ்சல்போல ஆடும். நூல் அறுந்து, ஒரு பக்கம் தொங்கிப்போகும். குடித்தனக்காரி அலறி அடித்துக்கொண்டு மூலைக்கு ஓடுவாள். இருட்டும் நேரத்துக்கு மறுபடி கட்டிவிடுவாள். மறுநாள் பத்து பத்துக்கு மறுபடி அறுந்துவிடும்.

காற்று என்று நினைத்தேன். காற்று கடிகாரம் பார்த்து வீசாது. பூனையோ என்று நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நூல் அறுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை எடுக்கிற பூனையை நான் கேள்விப்பட்டதில்லை. அப்பாவுக்கு ஞாயிறு கடை விடுமுறை.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன்: வீட்டுக்குப் போனதும் அந்த நூல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஏழு மணிக்கு அண்ணி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "வண்டிக் கண்ணாடியில கட்டியிருக்கு. வலது பக்கக் கண்ணாடி."

"எந்த வண்டி?"

"நம்ம வீட்டுல எத்தன வண்டி இருக்கு? மாமாவோட ஸ்கூட்டர்தான். வழக்கம்போல துடைப்பத்தச் சாய்ச்சு, மேல அட்டைப்பெட்டியும் வச்சபடியேதான் இருக்கு. ஆனா டயர்ல ஈர மண்ணு. எஞ்சினத் தொட்டுப் பாத்தேன், வெதுவெதுன்னு இருக்கு."

"சாவி?"

"பீரோவுலதான் இருக்கு. இப்பதான் பாத்துட்டு வரேன். பூட்டுன பூட்டு பூட்டுன மாதிரியே இருக்கு."

அண்ணிதான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சத்தம் எனக்குக் கேட்டது. "நாம ரெண்டு பேரும் ஒரு பூட்டுக்காரர்கிட்டேருந்து சாவியப் பிடுங்கி வச்சிருக்கோம்."

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"இன்னிக்குக் கடைக்கு எப்படிப்பா போனீங்க?"

"கால்லதான்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஆகும் ஒரு இருபது, இருபத்தஞ்சு. ஏன், கால் வலிக்குதான்னு கேக்கறியா? கொஞ்சம் வலிக்குது."

"வண்டிக் கண்ணாடியில யாருப்பா நூல் கட்டினது?"

"யாரு சொன்னது?"

"உங்க குடித்தனக்காரி."

"அட!" என்றார் அப்பா. "ஊமைன்னு நெனச்சேனே."

"சாவி அண்ணிகிட்டதானே இருக்கு?"

"அந்தச் சாவி அவகிட்டதான் இருக்கு."

"அப்ப இது?"

"பாப்பா, நான் என்ன வேல செய்யிறேன்?"

பின்னால் அண்ணி சிரிப்பை அடக்குவது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். வலை வந்த மறுநாளிலிருந்து என்றார். அண்ணி போனதும் துடைப்பத்தையும் அட்டைப்பெட்டியையும் எடுத்து வைத்துவிட்டு, சத்தம் வராமல் இருக்க வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய், அங்கேதான் ஸ்டார்ட் பண்ணுவாராம். வயது அறுபத்தெட்டு.

"தள்ளற நேரத்துல பாதி தூரம் நடந்துடலாம்பா."

"கடைக்கு நடந்துடலாம். கடையில உக்காந்திருக்கும்போது ஒருத்தர் போன் பண்றாங்களே, அங்க எப்படி நடக்கிறது? போன வாரம் ஒரு பெரியவர் குளியலறைக்குள்ள மாட்டிக்கிட்டாரு. தனி ஆளு. பக்கத்து வீட்டுப் பொண்ணு எனக்குப் பண்ணுது, அவரு உள்ள பேச்சே கொடுக்கல அங்கிள்னு அழுவுது. நான் நடந்து வரேன்மா, பெரியவர இருபது நிமிஷம் பொறுத்துக்கச் சொல்லுன்னு சொல்லவா?"

"வழியில நீங்க விழுந்திருந்தா? அப்ப உள்ள ஒருத்தர், ரோட்டுல ஒருத்தர்."

"மெதுவாத்தான் போறேன்."

"எனக்கு வர்ற ஒவ்வொரு அறிக்கையிலயும் அதான்ப்பா எழுதியிருக்கும். மெதுவாத்தான் போனார்னு."

"ஒரு பூட்டுக்கு முன்னாடி உக்காந்தா எனக்குத் தலை நல்லா நிக்குது பாப்பா. சும்மா உக்காந்தாத்தான் சுத்தற மாதிரி இருக்கு," என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். டாக்டரிடம் போவது, அவர் ஓட்டலாம் என்றால் ஓட்டுவது, கூடாது என்றால் வண்டியையே விற்றுவிடுவது. அப்பா உடனே ஒத்துக்கொண்டார். இந்த முறை நான் அம்மா சொன்னதை நினைத்து இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவையும் ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அண்ணி அரை நாள் விடுப்பு எடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாராம், கோட்டின் மேல் நடக்கச் சொன்னாராம், தலையை வேகமாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னாராம். தலை சுற்றலுக்குக் காரணம் காதுக்குள்ளேதான், இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். பகலில் மட்டும், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கடைக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் போகலாம். ஓட்டும்போது போன் எடுக்கவே கூடாது; சட்டென்று தலையைத் திருப்பினால் பழைய தொல்லை வரலாம். எல்லாவற்றையும் அண்ணி குரல் பதிவாக அனுப்பியிருந்தாள்.

அதே பதிவின் கடைசியில் அப்பா தானாக ஒன்றைச் சேர்த்தார்: "டாக்டரோட மேச இழுப்பறை ஒரு மாசமாத் திறக்கலையாம். பாவம். அதையும் பாத்துக் கொடுத்துட்டு வந்தேன்."

அதற்குக் கைமாறாகத்தான் வண்டி ஓட்டலாம் என்றாரோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டேன். "இழுப்பறையத் திறந்தது பரிசோதனைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நடுவுல," என்றாள் அண்ணி.

"நடுவுலன்னா?"

"ஒத்தக் கால்ல நின்னு முடிச்சாரு. அப்புறம் இழுப்பறை. அப்புறம் கோட்டு மேல நடந்தாரு. நீ ஏன் இப்படிக் குடையற? டாக்டர் நல்ல மனுஷன்தான்."

நல்ல மனுஷன்தான், சரி. அப்பா எப்பேர்ப்பட்டவர் என்பதுதான் என் கேள்வி.

இன்று திங்கள்கிழமை. அவர் முதல் முறையாகச் சொல்லிவிட்டு வண்டி எடுக்கிற நாள். வீட்டிலிருந்து கடைக்கு ஏழு நிமிடம். வண்டி ஓடும்போது நான் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். போய் இறங்கியதும் அவரே கூப்பிட வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை.

பத்து ஐந்துக்கே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து எட்டுக்குப் பனிமூட்டத்தில் ஒரு தீற்றல் வந்து இடது மூலையில் குனிந்தது. நூல் தளர்ந்தது. மெல்ல மெல்ல மறுபடி இறுகியது. குடித்தனக்காரி ஒரு அடி வைத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று நின்றுகொண்டாள். கண்ணாடியிலிருந்து நூலைப் பதமாக எடுத்துப் பூந்தொட்டிக் குச்சியில் ஒட்டுகிறார் என்று புரிந்தது. காலையிலேயே குச்சி நட்டு வைத்துவிட்டார் என்று வேலைக்குக் கிளம்பும்போதே அண்ணி எழுதியிருந்தாள். பூட்டுக்குள் ஊசி விட்டுப் பழகிய விரல்கள், ஒரு நூலை அறுக்காமல் இடம் மாற்றத் தெரியாதா என்ன?

தீற்றல் நிமிர்ந்தது. "போயிட்டு வரேன் கண்ணு" என்று சொல்லியிருக்கக் கூடும். வலைக்குப் பின்னால் வாய் தெரியவில்லை. பெரிய தீற்றலாக வாசலைக் கடந்து போனார். மணி பத்து பத்து.

பத்து பதினேழு ஆயிற்று. அழைப்பு வரவில்லை. ஷட்டரைத் தூக்க வேண்டாமா, ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாமா என்று சொல்லிக்கொண்டேன். பத்து இருபது. வழியில் யாராவது சாவி தொலைத்தவர் கையைக் காட்டி நிறுத்தியிருப்பார். பத்து இருபத்தாறு. என் அலுவலக ரயில் போய்விட்டது.

கூப்பிட்டேன்.

மணி அடிக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் அவர் எடுக்கக் கூடாது. எடுத்தால் திட்டுவதற்கு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருக்கிறேன். எடுக்காதீர்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டவள் நான். எடுங்களேன் அப்பா என்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பவளும் நான். அடுப்பில் காபி பொங்கி வழிகிறது. ஆறாவது முறை அடிக்கிறது. ஏழாவது முறையும்.